திவால் நடவடிக்கைக்குள் போன நிறுவனத்தில் டி.டி.எஸ். கட்ட வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி கேட்டவர் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். நிறுவனம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் (என்.சி.எல்.டி.) திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய சில மாதங்களில் சம்பளத்திலும் ஒப்பந்தக்காரர் பில்களிலும் பிடித்த டி.டி.எஸ். (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) அரசுக்குக் கட்டப்படவில்லை. வங்கிக் கடனோடு ஒரு வங்கிசாரா நிதி நிறுவனத்தின் கடனும் இருக்கிறது. தீர்வுத் திட்டம் (நிறுவனத்தை மீட்டுக் கடன்களைத் தீர்க்கும் ஏற்பாடு) வந்தால் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியாகும், வராவிட்டால் நிலத்தை விற்பார்கள். "இனிமேல் டி.டி.எஸ். கட்டுவதா வேண்டாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: ஏற்கெனவே பிடித்துவிட்டுக் கட்டாத பணம் என்ன ஆகும், கடன் சீரமைப்பில் புதிதாகப் பிடிக்க வேண்டியது எது, மற்றவர்கள் இந்த நிறுவனத்திடம் பிடிக்கும் வரி என்ன ஆகும். மூன்றுக்கும் விடை வேறு வேறு. ஒன்றின் விடையை இன்னொன்றில் போட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

நான் பல ஆண்டுகளாகத் தீர்வு நிபுணர்களுக்கும் (திவால் நடவடிக்கையின்போது நிறுவனத்தை நடத்த நியமிக்கப்படுபவர்கள்) கலைப்பாளர்களுக்கும் (நிறுவனத்தைக் கலைத்துச் சொத்தை விற்பவர்கள்) வரி வேலை செய்து கொடுப்பவன். தீர்ப்புகளால் உறுதியானவற்றை உறுதியாகவே சொல்கிறேன். என் கருத்து மட்டுமாக இருப்பதை அப்படியே குறிப்பிடுகிறேன். வருமான வரி தொடர்பான பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பளம் தவிர்த்த டி.டி.எஸ். விதிகளில் பெரும்பாலானவை 393-ஆம் பிரிவுக்குள் வந்துவிடுகின்றன. எண்கள் மாறினாலும், நிலுவையில் உள்ள பழைய விவகாரங்களில் பழைய எண்களைத்தான் இன்னும் பல காலம் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் பிடித்துவிட்டுக் கட்டாத பணம். என்.சி.எல்.டி. திவால் மனுவை ஏற்ற தேதிக்கு முன்பு பிறந்த டி.டி.எஸ். பாக்கியை நீங்களாகவோ தீர்வு நிபுணர் தானாகவோ இப்போது எடுத்துக் கட்டக் கூடாது. அது பழைய கடன். மற்றக் கடன்காரர்கள் (நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டியவர்கள்) வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கு மட்டும் முன்னால் கொடுப்பதாக ஆகிவிடும். 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் அரசுக்குச் சேர வேண்டிய பாக்கியைச் செயல்பாட்டுக் கடன் (நிதிக் கடன் அல்லாத, தொழில் நடப்பில் வரும் பாக்கி) என்ற வகையில் வைக்கிறது. ஆகவே வரித் துறையும் மற்றவர்களைப் போலக் கோரிக்கைப் படிவம் கொடுத்துத்தான் வர வேண்டும். வருமான வரிச் சட்டத்துக்கு மேல் திவால் சட்டம் நிற்கும் என்பதை மோனெட் இஸ்பாட் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்வுத் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு, அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அரசுடையவையாக இருந்தாலும் அழிந்துபோகும் என்பது 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் வந்த தீர்ப்பு. மொரட்டோரியம் (திவால் நடவடிக்கையின்போது வசூலுக்கு உள்ள தடை) ஓடும்போது துறை நோட்டீஸ் அனுப்பலாம், பாக்கி எவ்வளவு என்று கணக்கிடலாம், ஆனால் வசூலிக்க முடியாது. ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் நிறுவனத்தின் கலைப்பாளர் வழக்கில் 2022-ல் சுங்க வரி குறித்துச் சொல்லப்பட்ட இந்தக் கொள்கையைத்தான் டி.டி.எஸ். நோட்டீஸ்களுக்கும் பதிலாக வைக்கிறோம். அதனால் நோட்டீஸ் வந்தால் குப்பையில் போடாதீர்கள். மனு ஏற்கப்பட்ட உத்தரவின் நகலை இணைத்து, கோரிக்கையைத் தீர்வு நிபுணரிடம் தாக்கல் செய்யும்படி பதில் எழுதுங்கள்.

சிக்கல் எல்லைக்கோட்டு மாதத்தில்தான். ஆகஸ்ட் 10-ஆம் தேதி மனு ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதச் சம்பளம் ஜூலை 31 அன்றே கொடுக்கப்பட்டு வரி பிடிக்கப்பட்டிருந்தால், ஆகஸ்ட் 7-க்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டாததால் அது பழைய கடன், இதில் சந்தேகம் இல்லை. ஆகஸ்ட் 5 அன்று ஒரு வழக்கறிஞர் பில்லைக் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள், பணம் கொடுக்கவில்லை. அந்த டி.டி.எஸ். கட்டக் கடைசி நாள் செப்டம்பர் 7, அதாவது திவால் நடவடிக்கை தொடங்கிய பிறகு. இதைப் பழையது என்பதா, புதியது என்பதா? பிடிக்கும் கடமை வரவு வைத்த நாளிலேயே பிறந்துவிட்டது, எனவே இதுவும் பழைய கடன் என்பது என் கருத்து. ஆனால் கடைசி நாளை வைத்துப் பார்த்து திவால் நடவடிக்கைச் செலவாகக் கட்டிவிடும் தீர்வு நிபுணர்களும் உண்டு, தொகை சிறியதென்றால் துறையோடு மல்லுக்கட்ட அவர்கள் விரும்புவதில்லை. சம்பளத்தின் கதை வேறு. அங்கே வரவு வைப்பது கணக்கில்லை, பணம் கொடுக்கும்போதுதான் பிடிக்க வேண்டும். ஆகஸ்ட் 1 முதல் 9 வரைக்கான சம்பளம் பாக்கியாகி, ஒரு வருடம் கழித்துத் தீர்வுத் திட்டத்தின்படி கிடைத்தால், கொடுப்பவர் அப்போது பிடிப்பார். ஊழியர் 89-ஆம் பிரிவில் நிலுவைச் சம்பள நிவாரணம் கேட்கலாம். மனு ஏற்கப்பட்ட தேதிக்குப் பிறகு நடக்கும் எல்லாக் கொடுப்பனவுகளுக்கும் தீர்வு நிபுணர் வழக்கம்போலப் பிடித்து, நேரத்துக்குக் கட்ட வேண்டும். அது திவால் நடவடிக்கைச் செலவு, முதலில் தீர்க்கப்பட வேண்டியது. "மொரட்டோரியம் இருக்கிறதே" என்று இதை நிறுத்தி வைப்பது தவறு.

இதில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் ஊழியர்கள். சம்பளச் சீட்டில் வருமான வரி என்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கும், கைக்கு வந்தது மீதிதான். ஆனால் உங்கள் பெயரில் வந்து சேர்ந்த வரியைக் காட்டும் 26-ஏ.எஸ். படிவத்தைத் திறந்தால் அந்த மாதங்கள் காலியாக இருக்கும். கணக்கு தாக்கல் செய்தால் கணினி அந்தப் பிடித்தத்தை ஏற்காமல், முழு வரியையும் வட்டியோடு கேட்டுக் கடிதம் அனுப்பும். பயந்துபோய் இரண்டாம் முறை வரி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்ட வேண்டியதில்லை. 205-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: பிடிக்கப்பட்ட அளவுக்கு அந்த வரியை ஊழியரிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது. மத்திய நேரடி வரிகள் வாரியமே 2015-லும் 2016-லும் தன் அதிகாரிகளுக்கு இதை எழுத்தில் நினைவூட்டியிருக்கிறது. கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த விமானி ஒருவரின் வழக்கில், நிறுவனம் பிடித்துவிட்டுக் கட்டாத வரிக்காக அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. பிந்தைய ஆண்டுகளின் ரீஃபண்டில் கழித்துக்கொள்வதும் மறைமுக வசூல்தான் என்ற நிலையை டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் எடுத்தது.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. 205 உங்களை வசூலிலிருந்து காக்கும், பிடித்த பணத்தை ரீஃபண்டாகத் திருப்பித் தராது. அரசுக்கு வந்து சேர்ந்த வரிக்குத்தான் வரவு என்று 199-ஆம் பிரிவு சொல்வதால், உங்கள் உண்மையான வரியை விட அதிகமாகப் பிடித்திருந்தால் அந்த மிச்சம் கைக்கு வருவது கடினம். அந்தத் தொகையை ஊழியர்களுக்கான கோரிக்கைப் படிவமான 'டி'யில் கோரிக்கையாக வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். துறைதான் அதற்குக் கடன்காரர் என்று சொல்லித் தீர்வு நிபுணர் நிராகரிக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியும் வையுங்கள் என்றே சொல்வேன். நிராகரித்தாலும் எழுத்தில் ஒரு பதிவு உருவாகிறது, பிடிக்கப்பட்டது உண்மை என்பதற்கு அதுவே சான்று. அதோடு சம்பளச் சீட்டும், நிகரச் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கையும் கைவசம் இருக்கட்டும்.

சட்டம் இந்தப் பணத்தைப் பார்க்கும் விதமே சரியில்லை என்பது என் கருத்து. ஊழியரின் சம்பளத்திலிருந்து வெட்டி எடுத்த தொகை நிறுவனத்தின் சொத்தே அல்ல, நிறுவனம் வெறும் தூதுவர். அமெரிக்காவில் பிடித்த வரி அரசுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டதாகச் சட்டமே சொல்கிறது, கட்டாமல் விட்ட பொறுப்பாளர்களிடம் தனிப்பட்ட முறையில் வசூலிக்கவும் வழி இருக்கிறது. கனடாவிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. பிரிட்டனில் 2020 டிசம்பர் 1 முதல், சம்பளத்தில் பிடித்த வரிக்கு வரித் துறை இரண்டாம் நிலை முன்னுரிமைக் கடன்காரர் ஆனது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி, பென்ஷன், கிராஜுவிட்டி நிதி ஆகியவற்றைக் கலைப்புச் சொத்திலிருந்து விலக்கி வைத்த திவால் சட்டம், டி.டி.எஸ். பற்றி அங்கே எதுவும் சொல்லவில்லை. விளைவு, கலைப்பில் திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவின் வரிசையில், கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கான அரசுப் பாக்கியாக, தொழிலாளர் பாக்கிக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் ஈடில்லாத நிதிக் கடன்களுக்கும் பின்னால் நிற்கிறது. அங்கே பணம் போய்ச் சேருவது அரிது. பழைய நிர்வாகம் மட்டும் தப்பிக்க முடியாது: பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது 276-பி பிரிவில் மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தீர்வுத் திட்டத்தால் நிர்வாகம் கைமாறினால் நிறுவனத்துக்குத் திவால் சட்டத்தின் 32-ஏ பிரிவு பாதுகாப்பு தரும், அந்தக் காலத்தில் பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தராது.

சரி, கடன் சீரமைப்புக்கு வருவோம். அடிப்படை ஒன்றுதான்: அசலுக்கு டி.டி.எஸ். கிடையாது, வட்டிக்குத்தான். வங்கிக்குக் கொடுக்கும் வட்டிக்கும் 194-ஏ பிரிவில் விலக்கு உண்டு. வங்கிசாரா நிதி நிறுவனத்துக்கு விலக்கு இல்லை, 10 சதவீதம் பிடிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த ஒரு கடன்தான் கவனிக்க வேண்டியது. உதாரணமாக அவர்கள் கோரிக்கை 12 கோடி ரூபாய், அதில் அசல் 9, வட்டி 3 என்று கொள்ளுங்கள். தீர்வுத் திட்டம் மொத்தமாக 4 கோடி தருகிறது. இந்த 4 கோடி எதற்கு? திட்டம் மௌனமாக இருந்தால், கடன் சட்டத்தின் பொதுவான வழக்கப்படி வரும் பணம் முதலில் வட்டிக்குப் போகும். அப்படியானால் 3 கோடி வட்டி, 1 கோடி அசல். முன்பே பிடிக்காத வட்டியாக இருந்தால் 30 லட்சம் ரூபாய் டி.டி.எஸ். புதிதாக வந்து நிற்கும். நிறுவனத்தை வாங்குபவர் இதற்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார். "இந்தத் தொகை முழுவதும் அசலுக்கு ஈடாகவே கொடுக்கப்படுகிறது, வட்டி முழுவதும் கைவிடப்படுகிறது" என்று திட்டத்தில் ஒரு வாக்கியம் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. தீர்வுத் திட்ட வரைவு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது இந்த வாக்கியத்தைத்தான்.

முன்பே பிடிக்காத வட்டி என்று சொன்னதைக் கவனியுங்கள். 194-ஏ பிரிவில், பணம் கொடுப்பது, கணக்கில் வரவு வைப்பது, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது கடமை பிறக்கிறது. சஸ்பென்ஸ் கணக்கில் (தற்காலிகத் தனிக் கணக்கு) வைத்தாலும் வரவு வைத்ததாகவே கருதப்படும். ஆகவே நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில், கொடுக்க முடியாத வட்டியை மாதாமாதம் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால், ஒரு பைசா போகாவிட்டாலும் டி.டி.எஸ். கடமை அப்போதே வந்துவிட்டது. அந்தப் பாக்கி பழைய கடன், மேலே சொன்ன வரிசைக்குப் போகும், இப்போது இரண்டாம் முறை பிடிக்க வேண்டாம். மனு ஏற்கப்பட்ட பிறகு பல நிறுவனங்கள் வட்டி ஏற்றுவதை நிறுத்திவிடுகின்றன, கடன்காரர்களின் கோரிக்கை அந்தத் தேதியோடு உறைந்துவிடுவதால். கணக்குத் தணிக்கையாளர் இதை ஏற்காமல் அறிக்கையில் குறிப்பு எழுதுவதும் உண்டு. டி.டி.எஸ். கண்ணோட்டத்தில், வரவு வைக்காத வட்டிக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

வட்டியைப் பணமாகக் கொடுக்காமல் வேறு வடிவில் தீர்த்தால்? வட்டி பாக்கியைப் புதுக் கடனாகவோ பங்காகவோ மாற்றுவது சீரமைப்பில் அன்றாட வேலை. கடன்காரர் வங்கி என்றால் டி.டி.எஸ். இல்லை, ஆனால் 43-பி பிரிவின்படி புதுக் கடனாக மாற்றப்பட்ட வட்டி கொடுக்கப்பட்டதாகக் கருதப்படாது, செலவாகக் கழிக்க முடியாது. வங்கிசாரா நிறுவனம் என்றால், பங்கு கொடுப்பதும் கொடுப்பனவுதான், வரியை மட்டும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். வெளிநாட்டுக் கடன்காரராக இருந்தால் 195-ஆம் பிரிவு வரும். பணமாக அல்லாமல் பொருளாகக் கொடுத்தாலும் பிடித்தாக வேண்டும் என்று காஞ்சன்கங்கா கடல் உணவு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. அங்கே மீன்பிடிப்பில் 85 சதவீதம் வெளிநாட்டுக் கப்பல்காரருக்குப் போனது, வரி பிடிக்கவில்லை. இதோடு வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் "வரி போக முழுத் தொகையும் எங்களுக்கு வேண்டும்" என்ற விதி இருக்கும். 20 சதவீத வரியில் 100 கையில் சேர வேண்டுமென்றால் 125 என்று கணக்கிட்டு 25 கட்ட வேண்டும், மேல்வரிகள் தனி. 2023 ஜூலை 1-க்கு முன் வாங்கிய சில அந்நியச் செலாவணிக் கடன்களுக்கு 5 சதவீதச் சலுகை விகிதம் உண்டு. அந்தக் கடனைச் சீரமைத்தால் அது பழைய கடனாகவே தொடர்கிறதா, புதுக் கடனாகிச் சலுகை போய்விடுமா என்பது இன்னும் தீராத கேள்வி. தவணையை மட்டும் தள்ளிப் போட்டால் பழையதே என்று வாதிடலாம். கடன்காரரும் நாணயமும் வட்டியும் எல்லாம் மாறினால் அந்த வாதம் நிற்காது.

அடுத்து தள்ளுபடி. 2022 ஜூலை 1 முதல் வந்த 194-ஆர் பிரிவு, தொழில் தொடர்பாக ஒருவருக்குப் பலன் கொடுத்தால் 10 சதவீதம் பிடிக்கச் சொல்கிறது. கடன் தள்ளுபடியும் பலன்தானே என்று அப்போது பெரிய பீதி கிளம்பியது. 2022 செப்டம்பர் 13 தேதியிட்ட 18-ஆம் எண் சுற்றறிக்கை அதைத் தணித்தது: வங்கிகள், குறிப்பிட்ட வகை வங்கிசாரா நிதி நிறுவனங்கள், பதிவு பெற்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் போன்றவை செய்யும் கடன் தள்ளுபடிக்கும் ஒருமுறைத் தீர்வுக்கும் 194-ஆர் தேவையில்லை. அந்தத் தள்ளுபடி நிறுவனத்தின் கையில் வருமானமா என்பது வேறு கேள்வி. மஹிந்திரா வழக்கில் 2018-ல் வந்த தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக இருந்தது, பிறகு 2023 நிதிச் சட்டம் 28(4) உட்பிரிவைத் திருத்தி ரொக்கப் பலனையும் அதற்குள் சேர்த்துவிட்டது. சுற்றறிக்கையின் பட்டியலில் இல்லாத சப்ளையர் தன் பாக்கியை விட்டுக்கொடுத்தால்? என்.சி.எல்.டி. அங்கீகரித்த திட்டத்தால் கழிக்கப்பட்டது என்றால் சப்ளையர் எதையும் கொடுக்கவில்லை, சட்டம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது; எனவே 194-ஆர் வராது என்பது என் கருத்து. திவால் நடவடிக்கைக்கு வெளியே இருவரும் பேசி முடித்த தள்ளுபடிக்கு இந்த வாதம் அவ்வளவு வலுவாக இருக்காது.

கலைப்பு வந்து நிலம் விற்கப்பட்டால், வாங்குபவர் 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சொத்துக்கு 1 சதவீதம் பிடிக்க வேண்டும் என்கிறது 194-ஐஏ. எஸ். குமார்ஸ் நேஷன்வைட் நிறுவனத்தின் கலைப்பாளர் இதை எதிர்த்தார். அப்படிப் பிடித்தால் வரித் துறை வரிசையைத் தாண்டி முன்னால் பணம் பெறுவதாக ஆகும், அது 53-ஆம் பிரிவுக்கு முரண் என்று 2021 பிப்ரவரியில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் வாங்குபவருக்குப் பயம் போகாது, பிடிக்காவிட்டால் தன்னைத் துறை பிடிக்குமோ என்று. ஏல ஆவணத்திலேயே இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது என்று எழுதிவிடுவது நல்லது. குறைந்த விகிதத்தில் டி.டி.எஸ். பிடிக்க அனுமதிக்கும் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 197-ஆம் பிரிவின் பட்டியலில் 194-ஐஏ இல்லை, அந்த வழி அங்கே அடைபட்டிருக்கிறது. இயந்திரம், ஸ்க்ராப் விற்பனைக்கு 194-க்யூ பிரிவில் பிடிக்கும் 0.1 சதவீதத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் தீர்ப்பு நேரடியாகப் பேசியது நிலத்தைப் பற்றித்தான்.

நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும் வரை வாடிக்கையாளர்கள் உங்கள் பில்களில் பிடிக்கும் டி.டி.எஸ். தொடரும், அதைத் தடுக்க முடியாது. நஷ்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு இது ரீஃபண்டாக வர வேண்டிய பணம், வரும் வரை நடைமுறை மூலதனம் முடங்குகிறது. வேலை ஒப்பந்தம், கட்டணம் போன்றவற்றுக்குத் தீர்வு நிபுணர் 197-ல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், தாமதிக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. ரீஃபண்ட் வந்தால் துறை அதைப் பழைய பாக்கிக்குக் கழித்துக்கொள்ளப் பார்க்கும். 2024 ஜனவரியில் பார்தி ஏர்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சில விதிவிலக்குகள் தவிர, திவால் தீர்வு நடவடிக்கையின்போது இப்படி ஈடுகட்டக் கூடாது என்றது. அது தனியார் பாக்கி பற்றிய வழக்கு என்றாலும் வரித் துறைக்கும் எடுத்து வைக்கலாம். கலைப்பில் நிலைமை வேறு, அங்கே பரஸ்பர ஈடுகட்டலுக்கு விதியே இடம் தருகிறது.

உங்களுக்கு இப்போது உடனடி வேலை ஒன்று இருக்கிறது. பிடித்துக் கட்டாத தொகைகளை மாதம், பெயர், பான் எண், பிடித்த தேதி, வரவு வைத்த தேதி வாரியாக ஒரே தாளில் எடுத்துத் தீர்வு நிபுணரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு நகலை ஊழியர்களுக்கும் கொடுங்கள். ஒப்பந்தக்காரர்களில் யாரிடம் வரி பிடிக்கவே இல்லையோ, அவர்கள் அந்த வருமானத்தைக் காட்டி வரி கட்டிவிட்டார்களா என்று கேளுங்கள். கட்டியிருந்தால் ஒரு கணக்குத் தணிக்கையாளரின் 26-ஏ சான்றிதழ் நிறுவனத்தின் மேலிருந்து அந்த அசல் வரியை இறக்கிவிடும், தாமத வட்டி மட்டும் மிஞ்சும். ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையல்ல. கடன் ஒப்பந்தத்தின் வட்டி விதியையும், மனு ஏற்கப்பட்ட உத்தரவின் தேதியையும் பதிவிட்டால், எல்லைக்கோட்டில் நிற்கும் தொகைகளைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.